‘மே’ என்றால் ‘ஷல்’ ஆகுமா?

நம் வயதுக்காரர்கள் பள்ளியில் கற்ற முதல் ஆங்கில வாக்கியங்களில் ஒன்று “மே ஐ கம் இன், சார்?” தாமதமாக வந்தவன் வாசலில் நின்று இதைச் சொல்லாமல் வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது. யாராவது வாய் தவறி “கேன் ஐ கம் இன்” என்று கேட்டுவிட்டால் போச்சு. “உன்னால் வர முடியும்டா, கால் இருக்கே! நான் அனுமதி கொடுத்தேனா?” என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். நின்றவனுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது.

ஆங்கிலம் கற்பவர்களைக் குழப்பும் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. லை – லே, ரைஸ் – ரெய்ஸ், லெண்ட் – பாரோ என்று பெரிய பட்டியலே போடலாம். அவற்றில் தவறினால் இரண்டு மதிப்பெண் போகும். ஷல், வில், மே, கேன் என்கிற நான்கு துணைவினைகளின் கதை வேறு. அவற்றில் எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு உரிமை வரும், போகும். நம் மாநிலத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு கட்டம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்த நான்கு சொற்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இன்று துணைக்கு நிற்கும் இந்தச் சொற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பழைய ஆங்கிலத்தில், சொந்தக் காலில் நின்ற வினைச்சொற்கள். ‘வில்’ என்றால் விரும்புதல். அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. நாம் ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதி வைக்கிறோமே உயில், அது இந்த ‘வில்’தான். தன் காலத்துக்குப் பிறகு சொத்து இன்னாருக்குப் போகவேண்டும் என்ற விருப்பம்.

‘ஷல்’ என்றால் கடன்பட்டிருத்தல். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ‘ஷுல்ட்’ என்று ஒரே சொல். அது ஷல்லின் பங்காளி. இதைப் படித்தபோது எனக்கு நம் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. தமிழிலும் ‘கடன்’ என்பது வாங்கிய பணத்தை மட்டும் குறிப்பதில்லை. சங்க காலம் தொட்டே அது செய்யவேண்டிய கடமையையும் குறிக்கிறது. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். பழைய பத்திரங்களிலும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பிலும் ‘செய்யக்கடவது’, ‘செய்யக்கடவன்’ என்று வருமே, அந்தக் ‘கடவது’ ஆங்கில ‘ஷல்’லுக்கு அச்சு அசலான தமிழ். எங்கோ வடகடல் ஓரத்தில் இருந்தவனும் நம் முன்னோரும் கடனையும் கடமையையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள்.

‘கேன்’ என்றால் அறிதல். தந்திரசாலியைக் குறிக்கும் ‘கன்னிங்’ என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். ஒரு காலத்தில் அது அறிவாளியைக் குறித்த நல்ல சொல். அறிதல் எப்படி இயலுதல் ஆகும் என்று யோசிக்க வேண்டாம். “எனக்கு நீந்தத் தெரியும்” என்று நாம் சொல்வது தெரிதலையா, முடிதலையா? இரண்டையும்தான்.

கடைசியாக ‘மே’. இதுதான் வேடிக்கை. இதன் முதல் பொருள் வலிமை உடையவனாயிருத்தல். பலத்தைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அதே வேர். அதாவது ‘என்னால் முடியும்’ என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலேயன் சொன்னதே ‘மே’தான். பிறகு ‘கேன்’ வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘மே’ நகர்ந்து போய், ஒரு பக்கம் அனுமதியையும் இன்னொரு பக்கம் ‘நடந்தாலும் நடக்கலாம்’ என்ற சந்தேகத்தையும் சுமக்கத் தொடங்கியது. வகுப்பு வாசலில் நின்ற பையன் குழம்பியதில் வியப்பில்லை. அந்த மொழியே அவ்விடத்தில் பல நூற்றாண்டு குழம்பியிருந்தது.

நம் ‘-லாம்’ விகுதியும் இதே இரட்டைச் சுமை தூக்குகிறது. “உள்ளே வரலாம்” என்றால் அனுமதி. “இன்று மழை வரலாம்” என்றால் சந்தேகம். மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. பேசும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். எழுத்தில், அதிலும் சட்டத்தில், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொன்னால் வழக்குதான் வரும்.

இந்தச் சொற்களை வரிசைப்படுத்த முதலில் முயன்றவர்களில் ஒருவர் இலக்கணப் புலவர் அல்லர், கணித மேதை. ஆக்ஸ்போர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ். முடிவிலியைக் குறிக்க எட்டைப் படுக்க வைத்தாற்போல் ஒரு குறி போடுகிறோமே, அதை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். 1653-ல் அவர் ஆங்கில இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். ஆங்கிலம் கற்க விரும்பிய அயல்நாட்டாருக்கு ஷல்லும் வில்லும் பிடிபடவில்லை என்பதைக் கண்டு ஒரு விதி வகுத்தார். தன்மையில் ‘ஷல்’ என்றால் வெறும் வருங்காலம், ‘வில்’ என்றால் வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ்: ‘வில்’ வெறும் வருங்காலம், ‘ஷல்’ வாக்குறுதி அல்லது மிரட்டல்.

இதை விளக்க ஆங்கில ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை ஒன்று உங்களுக்கும் நினைவிருக்கும். ஆங்கிலம் அரைகுறையாகக் கற்ற ஒருவன் ஆற்றில் விழுந்துவிட்டான். “ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ!” என்று கத்தினான். ‘மூழ்கிவிடுவேன் போலிருக்கிறதே, காப்பாற்ற யாருமில்லையே’ என்று சொல்ல நினைத்தான். கரையில் நின்ற இலக்கணக்காரர்கள் காதில் அது ‘நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று விழுந்தது. ஒருவரும் குதிக்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்தான். கதையில் வருபவன் சில சமயம் பிரெஞ்சுக்காரன், சில சமயம் ஸ்காட்லாந்துக்காரன், சில சமயம் அயர்லாந்துக்காரன். தென் இங்கிலாந்துக்காரன் மட்டும் ஒருபோதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விதியை எழுதியவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள்.

1762-ல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணத்திலும், 1795-ல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணத்திலும் இந்த விதி ஏறியது. பிற்பாடு நெஸ்பீல்டு, ரென் – மார்ட்டின் வழியாக நம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. 1906-ல் ஃபௌலர் சகோதரர்கள் ஆங்கில நடை பற்றி எழுதிய நூலில் உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: தென் இங்கிலாந்தில் பிறந்தவனுக்கு இது தானாக வரும், மற்றவர்களுக்கு வருவது கடினம் என்று. பிறகு பல பக்கங்களுக்கு விளக்கமும் எழுதினார்கள்! லண்டனுக்கு நானூறு மைல் தள்ளியிருந்த ஸ்காட்லாந்துக்காரனுக்கே வராதது, மன்னார்குடியிலும் மணப்பாறையிலும் இருந்த மாணவனுக்கு மட்டும் வந்துவிடுமா? ஆனாலும் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. மதிப்பெண் போனது.

பேச்சு வழக்கில் இந்த விதி என்றுமே முழுதாக ஆட்சி செய்ததில்லை. 1942-ல் பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், திரும்பி வருவேன் என்று சபதம் செய்தபோது சொன்னது ‘ஐ ஷல்’. வாலிஸ் விதிப்படி அது சபதமே இல்லை, வெறும் தகவல். உலகம் அதைச் சபதமாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் ‘ஷல்’ தன் பழைய கடன் பொருளை விடாமல் பிடித்துக்கொண்டது. அதுதான் சட்டம். சட்டம் எப்போதும் படர்க்கையில் பேசும். “அதிகாரி செய்ய ஷல்” என்றால் அது அவர் கடமை, தப்ப முடியாது. “அதிகாரி செய்ய மே” என்றால் அவர் விருப்பம், செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். தமிழில் ‘செய்தல் வேண்டும்’, ‘செய்யலாம்’. (‘வேண்டும்’ என்பதும் முதலில் விரும்புதலைக் குறித்த சொல்தான். அவர்கள் விருப்பத்தை வருங்காலம் ஆக்கினார்கள், நாம் விருப்பத்தைக் கட்டாயம் ஆக்கினோம்!)

இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்துவிட்டால் வக்கீல்களுக்கு வேலை ஏது? 1880-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு பாதிரியாரின் வழிபாட்டு முறைகள் சரியில்லை என்று அவருடைய திருச்சபையைச் சேர்ந்த ஜூலியஸ் என்பவர் ஆக்ஸ்போர்டு பிஷப்பிடம் புகார் கொடுத்தார். பிஷப் விசாரணைக்கு உத்தரவிடவில்லை. விசாரணைக்கு உத்தரவிடுவது பிஷப்புக்கு ‘சட்டப்படி செல்லும்’ என்று சட்டம் சொன்னது. அந்த ஆங்கிலத் தொடரில் ‘ஷல்’ இருந்தது, பொருளோ ‘மே’. புகார் வந்தால் விசாரித்தே ஆகவேண்டும் என்றார் ஜூலியஸ். பிஷப்பின் விருப்பம் என்று தீர்ப்பாயிற்று. கூடவே நீதிபதிகள் ஒரு கோட்பாட்டையும் விளக்கினார்கள். ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருப்பது இன்னொருவரின் உரிமையைக் காப்பாற்றத்தான் என்றால், சொல் ‘மே’ என்று இருந்தாலும் அதில் ஒரு கடமை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது என்பதைச் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். நம் நீதிமன்றங்களும் இந்தக் கோட்பாட்டை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றன. ஆக, ‘மே’ சில சமயம் ‘ஷல்’ ஆகலாம். ஆகலாம் என்பதும் ஒரு ‘மே’தான்!

இது புத்தகத்து விஷயம் மட்டுமல்ல. நான் அரசு அலுவலகம் ஒன்றில் பணியில் இருந்த நாட்களில் ஒரு அம்மா வந்தார். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனுப் போட்டிருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு வரிக் கடிதம் வந்திருந்தது. அதை மஞ்சள் பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்து, “பையனுக்கு வேலை போட்டுத் தர்றதா எழுதியிருக்காங்க சார், எப்ப வரச் சொல்லலாம்?” என்றார். வாங்கிப் பார்த்தேன். கோரிக்கை ‘மே பி கன்சிடர்ட்’ என்று இருந்தது. பரிசீலிக்கப்படலாம். தெருவில் யாரோ படித்த பிள்ளை அதைப் ‘பரிசீலிப்பாங்க’ என்று சொல்லி, அது வீடு போய்ச் சேர்வதற்குள் ‘கொடுப்பாங்க’ ஆகியிருந்தது. “அம்மா, இதில் தருகிறோம் என்று இல்லை, தரமாட்டோம் என்றும் இல்லை” என்றேன். அவர் சற்று நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எதுக்கு சார் இதை அனுப்பினாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அலுவலக நடைமுறை நூல் எதிலும் பதில் இல்லை. முடிவு வருவதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

ஒரு குடும்பத்துக்கு வந்த கேள்விதான் 1963-ல் ஒரு மாநிலத்துக்கே வந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்ஷி – கோபாலசாமி ஐயங்கார் திட்டம் என்ற பெயரில் பேசி முடித்து, 1949 செப்டம்பர் 14 அன்று அரசமைப்பு அவை ஏற்றுக்கொண்ட சமரசம் அது. அதில் மூன்று உட்பிரிவுகள். முதலாவது, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் இந்தி, வினை ‘ஷல்’. இரண்டாவது, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும், இங்கும் ‘ஷல்’. மூன்றாவது, பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் ஆங்கிலம் தொடர நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். இங்கே மட்டும் ‘மே’. அதாவது 1965 ஜனவரி 26 வரை ஆங்கிலத்துக்கு உத்தரவாதம் உண்டு. அதற்கப்புறம் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை எப்படி நினைக்கிறதோ அப்படி.

கெடு நெருங்க நெருங்க இந்தி பேசாத மாநிலங்களில் கவலை கூடியது. படிப்பு, மத்திய அரசு வேலை, தேர்வு எல்லாம் அதில் அடங்கியிருந்தன. 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு மக்களவையில் ஓர் உறுதி கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் வேண்டும் என்று சொல்லும்வரை ஆங்கிலம் துணை மொழியாக இருக்கும், முடிவு அவர்கள் கையில் என்பது அதன் சாரம். அந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் கொடுக்கத்தான் 1963-ல் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. மக்களவையில் அதைக் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி.

மசோதாவின் மூன்றாம் பிரிவைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். பதினைந்து ஆண்டு முடிந்த பிறகும் இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட ‘மே’ என்று இருந்தது. பயன்படுத்தப்படலாம்! நேருவின் வாய்மொழியில் இருந்த உறுதி, எழுத்தில் ஒரு ‘லாம்’ ஆகிவிட்டது. ‘மே’ என்பதற்குள் ‘மே நாட்’ ஒளிந்திருக்கிறது என்றது தி.மு.க. இன்று தொடரலாம் என்கிறவர்கள் நாளை தொடராமலும் இருக்கலாம், அப்போது சட்டம் அவர்களைத் தடுக்காது. அந்த இடத்தில் ‘ஷல்’ போடுங்கள் என்று கேட்டார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாதுரைதான் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். இங்கே ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றுதான் பொருள் என்று நேரு விளக்கினார். அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதிவிட்டால் என்ன என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்பவனுக்கும் புரியக்கூடிய கேள்வி அது. ரூபாய் தருகிறேன் என்பவன் புரோநோட்டு எழுதிக் கொடுக்கத் தயங்கினால் என்ன நினைப்போம்?

நேருவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் சொன்னது வெறும் சமாளிப்பு அல்ல. அரசமைப்பே 343-ல் ‘மே’ என்றுதான் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ‘மே’வுக்குள் கடமை இருக்க முடியும் என்று ஜூலியஸ் வழக்குக் காலத்திலிருந்தே சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அவர் தன் வாக்கைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் பேசினார் என்பதை அன்று எதிர்த்தவர்கள்கூடப் பெரும்பாலும் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் ஒரு மனிதரின் நல்லெண்ணத்துக்காக எழுதப்படுவதில்லை. அவர் போன பிறகு வருபவர்களுக்காக எழுதப்படுவது. சொல் மாறாமலேயே மசோதா 1963 மே மாதம் சட்டமானது. அடுத்த ஆண்டு மே 27-ல் நேரு மறைந்தார். இந்தக் கதையில் அந்த மாதப் பெயர்கூட விடாமல் துரத்துகிறது.

அதற்கு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். 1965 ஜனவரியில் நடந்தது நம்மில் பலருக்கு வரலாறு அல்ல, நினைவு. கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, மூடிய கல்லூரிகள், எரிந்த ரயில் நிலையங்கள். உயிரிழந்தவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதிமொழியை மீண்டும் வலியுறுத்தினார். அந்தப் போராட்டத்துக்குக் காரணங்கள் பல. ஒரு துணைவினைக்காக மட்டும் யாரும் உயிரைக் கொடுக்கவில்லை. ஆனால் ‘இது உறுதியா, தயவா?’ என்ற அடிப்படைக் கேள்விக்கு அந்தத் துணைவினைதான் முகமாக நின்றது.

1967 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரி 8-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. திருத்திய மூன்றாம் பிரிவை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். அந்த முதல் ‘மே’ அப்படியே இருக்கிறது! அதை யாரும் நீக்கவில்லை. அதைச் சுற்றி ‘ஷல்’ வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு வைத்துக்கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட ‘ஷல்’. தீர்மானங்கள், பொது உத்தரவுகள், விதிகள், அறிவிக்கைகள் எல்லாம் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் வெளிவர ‘ஷல்’. எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்தாம் உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை இந்த ஏற்பாடு நீடிக்க ‘ஷல்’. 1959-ல் வாய்ச்சொல்லாகச் சொல்லப்பட்டது இங்கேதான் எழுத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு 1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே சொல்கின்றன.

அதே 1976-ல் டெல்லியில் இன்னொரு ‘ஷல்’ பிறந்தது. குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்று 74-ஆம் பிரிவு சொன்னதே தவிர, அந்த ஆலோசனையை அவர் ஏற்றே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. மரபு அப்படி, எழுத்தில் இல்லை. 1960-ல் ராஜேந்திர பிரசாத் இதை ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆம் திருத்தம், ஆலோசனைப்படி அவர் நடக்க ‘ஷல்’ என்று ஒரு சொல்லைச் செருகியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த 44-ஆம் திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனை செய்யுமாறு அவர் கேட்க ‘மே’, திரும்பி வந்த ஆலோசனைப்படி நடக்க ‘ஷல்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. நாட்டின் முதல் குடிமகனுக்கும் இந்த இலக்கணப் பாடத்திலிருந்து விலக்கு இல்லை.

ஓய்வூதியம் வாங்கும் நமக்கும் இல்லை. பென்ஷன் என்பது அரசு மனமுவந்து தரும் கொடை, தந்தால் தரலாம் என்றுதான் ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அது அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அல்ல, ஊழியரின் உரிமை என்றது. 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கின் தீர்ப்பு அதை இன்னும் அழுத்தமாக நிறுத்தியது. அந்தத் தேதியைத்தான் ஆண்டுதோறும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். உண்மையில் அன்று நாம் கொண்டாடுவது ஒரு ‘மே’, ‘ஷல்’ ஆன நாளை.

இப்போது ‘ஷல்’லுக்கே வயதாகிவிட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் சட்டம் எழுதுபவர்கள், குழப்பம் வேண்டாம் என்று ‘மஸ்ட்’டுக்கு மாறி வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு ‘மஸ்ட்’ என்றே பேசுகிறது. வாலிஸ் தொடங்கிவைத்த மூன்றரை நூற்றாண்டுக் குழப்பம் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறது. நம் நாட்டுச் சட்டங்களில் மட்டும் ஷல்லும் மேயும் இன்னும் திடமாக இருக்கின்றன.

ஆகவே பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வாலிஸ் விதியைப் போட்டு அவர்களை வதைக்க வேண்டாம். ‘கேன்’ என்றால் முடியும், ‘மே’ என்றால் அடுத்தவர் கையில் இருக்கிறது, ‘ஷல்’ என்றால் கடன், கொடுத்தாகவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், போதும். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரமோ, வங்கி வைப்புப் படிவமோ, வாடகை ஒப்பந்தமோ, எது கைக்கு வந்தாலும் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள். பணம் கட்டவேண்டிய இடத்தில் நமக்கு ‘ஷல்’ போட்டிருப்பார்கள். அவர்கள் தரவேண்டிய இடத்தில் எந்த வினை இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ‘மே’ இருந்தால், “இதை ‘ஷல்’ என்று எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். அறுபது ஆண்டுக்கு முன் நாடாளுமன்றத்திலேயே கேட்கப்பட்ட கேள்விதான், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.